சத்தம் கேக்குதா, கண்ணு

கேக்குதா கண்ணு, கேக்குதா. கேக்குதும்மா, நீ சும்மா இரு, செல்லை மடியில வெய்யி, கையில புடிச்சீன்னா உன்ற வளையல் சத்தம்தான் எனக்கு வருதுங்கறான். வளையலைக் கழட்டிப் பைக்குள்ள போட்டாச்சு. முந்தானையை மடிச்சு மடியில வெச்சு, அதுமேல செல்லை வெச்சு, வெளிச்சம் தெரியாம நுனியால மூடியிருக்கறேன், இல்லீன்னா பின்னாடி உக்காந்திருக்கற பொடிசுக கத்தும். மொத நாள், மொத காட்சி. இந்த வயசுல எனக்கு இது தேவையா. முன்வரிசையில பேப்பரைக் கிழிச்சுக் கிழிச்சு மடியில குமிச்சு வெச்சிருக்கறானுக, ஹீரோ வந்ததும் வீசறதுக்கு. வீசட்டும், நல்லா வீசட்டும், ஆனா என்ற பையன் வர்றப்பவும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருங்கடா. அவன் ஹீரோவுக்கு டூப்பு, அவன் வர்றது உங்களுக்கு எங்க தெரியப் போவுது. ஹீரோ போட்ட அதே மஞ்சள் ஹெல்மெட், அதே மஞ்சள் சட்டை, மூஞ்சி தெரியாது. கடைசி ரேஸ்ல கடைசி வளைவுல கார் எந்திரிச்சு உருளும்மா, அதுக்குள்ள இருக்கறது நான், மத்ததெல்லாம் அவரு. இதைப் படுத்துட்டே சொல்லுவான், விட்டத்தைப் பாத்துட்டே சொல்லுவான். போன வருசம் உருண்டதுல முதுகெலும்பு போச்சு, இடுப்புக்குக் கீழ எதுவும் அவன் பேச்சைக் கேக்கறதில்ல. தியேட்டருக்குத் தூக்கிட்டுப் போலாம்டா, ஆட்டோ வெச்சுக்கலாம்னேன். என்னையப் பாத்துட்டு யாரும் திரையைப் பாக்க மாட்டாங்க, நீ போ, போயி லைன்ல இரு, எனக்குச் சத்தம் போதும்னான். வந்து சொல்றேனே கண்ணுன்னேன். நீ பொய் சொல்லுவன்னான். என்ன வாய் பாருங்க. சின்னதுலேர்ந்தே மொத நாள் படத்துக்குப் போற கிறுக்கு, அவனுக்கு விசில்தான் கணக்கு. விசில் வந்தா ஜெயிச்சோம்மா, வரலீன்னா அந்த ஷாட்டை எடுத்ததே வீண்.

கைப்பையை வயித்தோட சேத்துப் புடிச்சிருக்கறேன். உள்ள வளையல் இருக்குது, சாவி இருக்குது, கைக்குட்டையில முடிஞ்ச அது இருக்குது. ஐயோ, நெனைக்காத, படத்தைப் பாரு. திரையில கார் கழுவறானுக. நெனைக்காம எப்படி இருக்கறது. காத்தால, உருண்டப்பப் போட்டிருந்த அந்த ஹெல்மெட்டை எடுத்துக் குடும்மான்னான். காலை நீட்டி மடக்கிப் பயிற்சி குடுக்க வர்ற அந்தம்மாவுக்கு எடம் வேணும்னு போன வாரம் நான்தான் அவன் கட்டிலோரத்துலேர்ந்து எடுத்து பீரோ மேல வெச்சிருந்தேன், அன்னியிலேர்ந்து நச்சரிச்சுட்டே இருந்தான். பயிற்சியும் வேண்டாம்னு அந்தம்மாவைத் தாட்டி விட்டுட்டான், அப்புறம் எதுக்கு அது பீரோ மேலன்னு கேக்கறான். சரி, படம் பாக்கற அன்னிக்குப் பக்கத்துல வெச்சுக்கட்டுமேன்னு எறக்கினேன். தூசி. எடதுபக்கம் பூரா தார் ரோட்டுல தேஞ்ச கீறல். உள்ளாரயும் துடைக்கலாம்னு பஞ்சுத் துணிக்கு அடியில வெரலை விட்டா என்னமோ நெருடுது. தூங்கறதுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை. ராத்திரி ராத்திரி நான் கையில குடுத்து, தண்ணி குடுத்து, முழுங்கிட்டியா சாமின்னு கேட்டு, முழுங்கிட்டேம்மான்னு சொன்னானே, அத்தனையும். படம் வரட்டும்மா, பாத்துக்கலாம். சோறு சரியாத் தின்னுடான்னா படம் வரட்டும். மாமன் வந்து கம்ப்யூட்டர் கத்துக்கடான்னா படம் வரட்டும், பாத்துக்கலாம். நானும் என்னமோ தெம்பாத்தான் சொல்றான்னு நெனச்சனே, கூறுகெட்டவ. எல்லாத்தையும் வழிச்சுக் கைக்குட்டையில போட்டு முடிஞ்சு, துணியைப் பழையபடி தைச்சாப்ல அமுத்தி, இந்தா கண்ணுன்னு அவன் நெஞ்சு மேல கொண்டுபோயி வெச்சேன். அவன் ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டான். உள்ள ஒண்ணும் இல்லீன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்னும் அவனுக்குத் தெரியாது. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வேற எதையாச்சும் தேடுவான், அவனுக்கு வாய்தான் நடக்குது, யாரையாச்சும் ஏமாத்தி வாங்கிருவான். அவங்கப்பாகிட்ட, ஏனுங், நான் வர்ற வரைக்கும் அவன் பக்கத்துலயே சேரைப் போட்டு உக்காந்திருங்கன்னேன். எதுக்குன்னாரு. சும்மா உக்காருங்கன்னேன். ரேசுக்குப் போறேன்னு இவன் சொன்ன நாள்லேர்ந்து அவருக்கும் இவனுக்கும் பேச்சு இல்ல, வாசப்படியிலதான் சேரைப் போட்டிருப்பாரு.

பக்கத்து சீட்டுல ஒரு ஆளு வாய்ச்சிருக்காரு பாருங்க, வந்து உக்காந்ததுலேர்ந்து வாய் மூடல. மடியில கடலைப் பொட்டலம். ஏசி பத்தலைங்கறாரு. ஹீரோ வந்தா, வயசாயிருச்சுங், கழுத்தைப் பாத்தீங்களாங்கறாரு. முன்வரிசைப் பேப்பரெல்லாம் பறந்து எங்க மேல வுழுகுது, விசில் காதைப் பொளக்குது, செல்லு மேல கையை வெச்சு, கேக்குதா கண்ணு, இது ஹீரோவுக்கு, உன்றது இனிமேத்தான். திரையில வண்டி சர்ருனு போவுது, அந்த ஆளு, இதென்னுங் ரேஸு, நம்ம உக்கடம் ரோட்டுல டவுன்பஸ்ஸு இதைவிட வேகமாப் போகுமுங்கறாரு. டயர் மாத்தறதுக்குப் பத்து பேரு ஓடியாந்தா, எங்கூரு பஞ்சர் கடைக்காரன் தேவலீங்கறாரு. ஹீரோயின் அழுதா, அழுவாச்சிங்கறாரு. என்னையப் பாத்தா இவருக்கு வீட்டுக்காரி ஆட்டத் தெரியுதாட்ட இருக்குது. நாளெல்லாம் ஜவுளிக்கடையில இந்த மாதிரி வாயைக் கேட்டுக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கறேன். சீலையை விரிச்சுப் போட்டதும், ஆகா, என்ன கலரு, என்ன பார்டருன்னு கூப்பாடு போடறவ ஒருத்தியும் வாங்க மாட்டா. இதையே இன்னொரு நெறத்துல காட்டுங்கம்பா, அதையே இன்னொண்ணும்பா. இன்னொண்ணு. ஒன் மோர்னாங்களாம் அவனையும். மொத தடவை உருண்டப்ப எல்லாரும் கைதட்டினாங்களாம், டைரக்டரு கட்டிப் புடிச்சாராம், எதோ ஒரு கேமரா ஓடலீங்களாம், ஒன் மோர் லோகு. அந்த ரெண்டாவது தடவை உருண்டதுலதான் முதுகு போச்சு. இல்லீங் சார், போதுமுங்கன்னு சொல்லத் தெரியல பாரு என்ற பையனுக்கு. என்னாட்டம்தான். நானும் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு வாடிக்கை கேக்கறப்ப மூஞ்சி சுளிக்காம எடுத்துப் போட்டுப் போட்டு, எனக்கு வேண்டாங்கற வார்த்தை வராது, அதையே பாலோட அவனுக்கும் குடுத்துட்டேன். அன்னிக்குங்கூட ஒருத்தி முன்னால சீலையை விரிச்சுட்டு இருக்கறப்பத்தான் போனு வந்துச்சு. உங்க பையனுக்குச் சின்ன அடிங்கம்மா. சின்ன அடி. பட்டுச்சீலையை அப்படியே பாதி விரிச்சபடி விட்டுட்டு ஓடினேன். இந்த ஆளு கடலையைக் கடிக்கறது என்ற மண்டைக்குள்ள கேக்குது. செல்லை எடுத்துக் காதுல வெச்சா அவன் மூச்சு கேக்குது, இருக்கறான், இருக்கறான்.

இடைவேளைக்கு வெளக்கைப் போட்டுட்டானுக. முன்வரிசையில ஒருத்தன் மொதப் பாதி இழுவைடாங்கறான், இன்னொருத்தன் அடுத்த பாதியிலதான் சம்பவமேங்கறான். செல்லை எடுத்து, லோகு, ஏதாச்சும் சாப்புட்டியாடான்னேன். அப்பா கஞ்சி கொண்டாந்து வெச்சுட்டுப் போனாரு, அப்புறமாக் குடிக்கறேன், நீ ஏம்மா பேசற, சார்ஜ் எறங்கிரும்ங்கறான். அப்பா அங்கதான் இருக்கறாரான்னேன். வெளிய இருமறாருங்கறான். வெளியவா. பக்கத்துல உக்காருங்கன்னு சொன்னேன், இந்த மனுசனுக்கு எதைத்தான் உடைச்சுச் சொல்றது. கைப்பைக்கு மேலால கையை வெச்சு அமுத்திப் பாத்தேன், முடிச்சு இருக்குது. இது எங்கிட்ட இருக்கறவரைக்கும் ஒண்ணுமில்ல. ஆனா அவன் பஞ்சுத் துணிக்கு அடியில வெரலை விட்டுப் பாத்துட்டான்னா? அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவான், வெக்கப்படுவானா, வெறிபுடிச்சுப் போவானா. எந்திரிச்சுப் போயிரலாமா வீட்டுக்கு. போயிட்டா அவன் ஷாட்டு போச்சு. இருந்தா அவனே போயிருவானோ. ரெண்டு காலும் பசை போட்டாப்ல ஒட்டிக்கிச்சு. பக்கத்து ஆளு எனக்கும் ஒரு பப்ஸ் வாங்கியாந்து நீட்டறாரு, சாப்புடுங்கம்மா, மொகமெல்லாம் வாடிக் கெடக்குதுங்கறாரு. வேண்டாமுங்கன்னேன். பாருங்க, அது மட்டும் வாயில வருது.

மறுபடி இருட்டு. பாட்டு ஒண்ணு, சண்டை ஒண்ணு, அந்த ஆளு எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணு சொல்லறாரு. கடைசி ரேஸ் வந்துருச்சு. எப்படித் தெரியும்னா செகப்பும் வெள்ளையுமாப் பெயிண்ட் அடிச்ச டயரை அடுக்கி வெச்ச வளைவு, அவன் செல்லுல எனக்குக் காட்டியிருக்கறான், இங்கதாம்மா உருளப் போறேன்னு சிரிச்சுட்டு. செல்லு மேல கெடந்த முந்தானையை எடுத்துட்டேன், யாரு கத்துனாக் கத்தட்டும். கண்ணு, வருதுடா, வருதுடான்னேன். ஹீரோ மூஞ்சியைப் பெருசாக் காட்டறான், வேர்வை, பல்லைக் கடிக்கறாரு. சடக்குனு வண்டிக்குள்ளேர்ந்து பின்பக்கமாக் காட்டறான். அந்த எடது முழங்கை. வெளிய தள்ளிப் புடிச்சிருக்குது. சைக்கிள் ஓட்டப் பழகினப்ப கையை ஒடுக்குடா, செவுத்துல ஒரசும்டான்னு நான் பின்னாலயே ஓடின அதே முழங்கை. அது ஹீரோ இல்ல, என்ற பையன். பக்கத்து வண்டியோட சக்கரம் வந்து இவன் சக்கரத்தைத் தொடுது, தொட்டதும் சத்தம் பூராவும் நின்னுபோச்சு. படத்துலயே நிறுத்திட்டானுக. மியூசிக் இல்ல, எஞ்சின் இல்ல. வண்டி எந்திரிக்குது. எந்திரிச்சுத் திரும்பி, மேல வானம், கீழ தார், மறுபடி வானம். அவன் தலை ஒரு பக்கமாச் சாயுது, சாஞ்சு அந்தப் பக்கமே நிக்குது. இப்பத்தான், இந்த எடத்துலதான் அவனுக்கு ஒடஞ்சிருக்கணும். நான் பெத்த முதுகு. நான் எண்ணெய் தேச்சு நீவி விட்ட முதுகு. தியேட்டர்ல ஒரு பூச்சி பறக்கல. அத்தனை பேரு, அத்தனை பேப்பரு, ஒரு சின்னச் சத்தம் இல்ல. என்ற கையை என்னமோ கவ்விப் புடிக்குது, வலிக்குது, என்னன்னு பாக்கக்கூடத் தோணல. அப்புறம் வண்டி நின்னுச்சு, பொகை, பொகைக்குள்ளேர்ந்து ஹீரோ ஊந்து வந்து எந்திரிச்சு நடந்துட்டே ஹெல்மெட்டைக் கழட்டறாரு, ஒரு கீறல் இல்ல அதுல, தலைமுடி கலையல, நான் இன்னும் ஓடுவேன்டான்னு ஒரு வசனம் பேசறாரு. விசில் பறக்குது. பேப்பர் பறக்குது. எல்லாம் இவரு நடைக்கு. முன்வரிசையில ஒருத்தன், மச்சி, கிராஃபிக்ஸ் செமடாங்கறான். எந்திரிச்சு அவன் மண்டையில நங்குன்னு ஒண்ணு வெக்கலாம்னு இருந்துச்சு. செல்லை எடுத்துக் காதுல வெச்சேன். கண்ணு. கண்ணு. ஒண்ணும் காணோம். லைன் ஓடிட்டுத்தான் இருக்குது. அத்தனை முழங்காலையும் மிதிச்சுத் தள்ளிட்டு, கைப்பை எங்கெங்கயோ மாட்ட, கதவைத் தள்ளி வெளிய படிக்கட்டுக்கு வந்து விழுந்தேன்.

"லோகு. பேசு சாமி." மூச்சு கேக்குது. "பேசுடா, அம்மா வெளிய வந்துட்டேன்." அப்பத்தான், "வரலியேம்மா"ங்கறான். "என்ன வரல?" "விசிலு. எனக்கு ஒண்ணுமே வரல. செத்த எடமாட்ட இருந்துச்சு. அவரு எந்திரிச்சு நடந்தாரு பாரு, அதுக்கு வருது." சிரிக்கறான். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது, ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்லி முடிச்சப்ப சிரிச்ச சிரிப்பு. "அப்படி இல்ல கண்ணு, ஒருத்தரும் மூச்சு விடலடா, அதனாலதான்." "இதுக்குத்தாம்மா லைன்ல இருன்னேன். லைன்ல இருந்துட்டே பொய் சொல்ற பாரு." வருசம் பூரா எத்தனை பொய் சொல்லியிருக்கறேன். டாக்டரு நடந்துருவான்னாருடா. படக் கம்பெனிக்காரங்க உன்னைய விசாரிச்சாங்கடா. சொல்லிச் சொல்லி, இன்னிக்கு நெசத்தைக் கையில வெச்சுட்டு நிக்கறேன், சீந்துவாரில்ல. "சரிம்மா, நீ வா, நான் வெக்கறேன்"ங்கறான். வெக்காத, வெக்காத சாமி. கை வலிச்சுது. பாத்தா பொறங்கையில நகம் பதிஞ்சு செவந்து கெடக்குது, உப்புக் கரிக்கற கடலைத் தூளு ஒட்டியிருக்குது. "லோகு, இரு. என்ற பக்கத்துல ஒரு ஆளு தொணதொணன்னு பேசிட்டே இருந்தாரே, உனக்குக் கேட்டுச்சா?" "கேட்டுச்சு. பஞ்சர் கடைக்காரன் தேவலைன்னாரே, அந்தாளு. அவரு பேச்சுல பாதிப் படமே எனக்குக் கேக்கல." "அவரேதான். உன்ற ஷாட்டுக்கு அவரு என்ன சொன்னாரு? யோசிச்சுச் சொல்லு." அவன் யோசிக்கறது எனக்குத் தெரியுது. "ஒண்ணும் சொல்லல"ங்கறான். "அந்த வாய் எதுக்குடா மூடுச்சு? பயந்துபோயி அவரு என்ற கையைப் புடிச்சுட்டாருடா. நகம் பதிஞ்சிருக்குது. வந்து காட்டறேன், பாத்துக்கோ. கடையில நான் பாக்காததா. புடிச்சுப் போச்சுன்னா பேச்சு நின்னுரும், கை மட்டும் சீலையைக் கெட்டியாப் புடிச்சுக்கும். பேசறவ வாங்கறதில்ல கண்ணு." மூக்கை உறிஞ்சறான். "கடலை தின்னுட்டிருந்தாரே, அதுவும் நின்னுச்சும்மா"ங்கறான். ஆமாண்டா ஆமாங்கறேன், எனக்கு அழுகை முட்டுது, அழுதா அவன் பயந்துக்குவான். "அம்மா, ஹெல்மெட்டு நெஞ்சு மேலதான் இருக்குது." "தெரியும்." "உள்ளார பாத்தியா?" "பாத்தேன்." "எடுத்துட்டியா?" "எடுத்துட்டேன்." படிக்கட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு அப்படியே குத்தவெச்சுட்டேன். "திட்டலியாம்மா"ங்கறான், சின்னப் பையனாட்ட. "வீட்டுக்கு வந்து திட்டறேன். இன்னிக்கு வரைக்கும் திட்டாத திட்டு திட்டறேன். அதுவரைக்கும் லைனை வெச்சீன்னா பாரு." "வெக்கல. நீ உள்ள போ, படம் முடியல இன்னும். முடிவு என்னன்னு பாக்கணும்ல"ங்கறான்.

மறுபடி அத்தனை முழங்காலையும் தாண்டி வந்து உக்காந்தேன். கைப்பைக்குள்ள அந்த முடிச்சு, இதைக் கொண்டுபோயி மருந்துக் கடையிலயே தலையைச் சுத்திப் போட்டுட்டு வரணும். இன்னிக்கு ஒரு நாள் நின்னிருக்கறான். நாளைக்கு என்ன சொல்லி நிறுத்தறது, தெரியல, நாளைக்கு எந்தப் படம் வருது. செல்லை மடியில வெச்சேன். பக்கத்து ஆளு என்ற பக்கம் குனிஞ்சு, "மன்னிச்சுக்குங்கம்மா, அப்பத் தெரியாம உங்க கையை"ங்கறாரு. பரவால்லீங்கன்னேன். மனுசன் ஒரு நிமிசம் சும்மா இருக்கல. "ஏனுங், நெசத்துல அப்படி உருண்டா உள்ள இருக்கறவன் பொழைப்பானுங்களா? வாய்ப்பே இல்லீங், எல்லாம் சினிமா"ங்கறாரு. செல்லை மடியிலேர்ந்து எடுத்து அவருக்கும் எனக்கும் நடுவால புடிச்சேன். "பொழைச்சிருக்கறானுங்க. அந்த வண்டிக்குள்ள இருந்தது என்ற பையனுங்க. வீட்டுல படுத்துட்டு நீங்க பேசறதையெல்லாம் கேட்டுட்டு இருக்கறான்"னேன். அவரு கையில இருந்த கடலை கீழ கொட்டுது. என்னையப் பாக்கறாரு, செல்லைப் பாக்கறாரு, திரையைப் பாக்கறாரு, வாய் தொறந்தபடி நிக்குது, ஒரு வார்த்தை வரல. செல்லைக் காதுல வெச்சேன். லோகு மெதுவாக் கேக்கறான், "அம்மா, அவரு மறுபடி பேச்சை நிறுத்திட்டாரா?"